டைப் 1 பிள்ளை இருக்கும் வீடு: மீட்டர், சோறு, பள்ளிக்கூடம், பாட்டி

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். ஏழு வயது மகளுக்குப் போன மாதம் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, ஊசி போடக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தலை சுற்றுகிறது: என்ன சமைப்பது, பள்ளிக்கு எப்படி அனுப்புவது, ராத்திரி தூங்கலாமா, மாமியாரை எப்படிச் சமாளிப்பது, நான்கு வயதுச் சின்னவனிடம் என்ன சொல்வது. நான் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து, பிறகு சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மாறியவள். எத்தனை யூனிட், எந்த இன்சுலின் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான், அதில் நான் கை வைக்க மாட்டேன். ஊசி போடும் நேரம் போக மிச்சமிருக்கிற நாள் முழுக்க வீடு எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இது உங்களால் வரவில்லை. "மாசமா இருக்கும்போது மாம்பழம் நிறையச் சாப்பிட்டேன், அதனாலயா?" என்று கேட்காத அம்மா குறைவு. "ஐஸ்கிரீம் கேட்டப்பல்லாம் வாங்கிக் கொடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்ட தாத்தாக்களையும் பார்த்திருக்கிறேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதுதான் டைப் 1. இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நீங்கள் வேறு மாதிரி வளர்த்திருந்தால் வந்திருக்காது என்பதும் இல்லை. பெரியவர்களுக்கு வருகிற டைப் 2 மாதிரி மாத்திரையிலும் நடைப்பயிற்சியிலும் இது அடங்காது, இன்சுலின் வெளியிலிருந்து போய்த்தான் ஆக வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்கிற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும் வரைக்கும், இந்த நோய் வந்த பிள்ளைகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டு, இருக்கிற நாளைக் கொஞ்சம் நீட்டுவதுதான் வைத்தியம். இதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், "பிஞ்சு உடம்புல தினமும் ஊசியா" என்கிற புலம்பல் கொஞ்சம் குறையும். (இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேன்டிங் பிறந்ததும் நவம்பர் 14தான். நம் ஊரில் அது குழந்தைகள் தினமாகவும் அமைந்தது தற்செயல், ஆனால் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு சந்தோஷம் வரும்.)

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த நோயை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்ட வேண்டிய வீட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து, அந்தப் பிள்ளை உங்களிடம் உண்மையைச் சொல்வது. தின்றதைத் தின்றேன் என்றும், ஊசி போட மறந்ததை மறந்தேன் என்றும் பயமில்லாமல் சொல்ல வேண்டும். அது இருந்தால் மற்ற எதையும் சரிசெய்துவிடலாம். அது போய்விட்டால் எவ்வளவு விலையுயர்ந்த மருந்தும் மிஷினும் இருந்தும் பிரயோசனமில்லை.

ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி மாதாமாதம் கொண்டுவருவாள். கோடு போட்ட நோட்டு, காலை, மதியம், இரவு என்று கட்டம் கட்டி அழகாக எழுதியிருக்கும். 110, 125, 118, 130. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. ஆனால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் 11 வருகிறது, அது மிக அதிகம். சர்க்கரை பார்க்கும் மீட்டரை வாங்கி மெமரியைத் தட்டிப் பார்த்தால் பாதி நாள் சோதனையே செய்யவில்லை, செய்த நாளில் 280, 340. அப்பா அங்கேயே கையை ஓங்கிவிட்டார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பெண்ணிடம் பேசினால், "நல்ல நம்பர் வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க அக்கா, கூட வந்தா அன்னிக்குப் பூரா வீட்ல சண்டை, அம்மா அழுவாங்க" என்கிறாள். மீட்டரில் வரும் எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி நடத்திய வீடு அது. மார்க்குக்குத் திட்டு விழும் வீட்டில் ரேங்க் கார்டில் கள்ளக் கையெழுத்து போடுவது போல, அவள் நோட்டை நிரப்பினாள்.

அதனால் ஏழு வயதிலேயே, இப்போதிருந்தே வீட்டில் ஒரு பழக்கம் வையுங்கள். எண் எதுவாக வந்தாலும் முகம் மாறக்கூடாது. 90 வந்தால் "வெரிகுட்" வேண்டாம், 310 வந்தால் "என்னடி தின்ன?" வேண்டாம். இரண்டுக்கும் ஒரே குரலில் "சரி, இப்ப என்ன செய்யணும்னு பார்ப்போம்" என்பது மட்டும். கேட்க எளிதாக இருக்கும், செய்வது கஷ்டம், அதிலும் அப்பாக்களுக்கு. 310 என்பது அவள் செய்த தப்பு இல்லை என்பதை முதலில் நாம் நம்ப வேண்டும். சளி பிடித்தால் ஏறும், வளரும் வயதில் ஏறும், பரீட்சைப் பயத்தில் ஏறும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டுத் தோலுக்கடியில் கட்டி தட்டியிருந்தால் மருந்து சரியாகச் சேராமல் ஏறும், வெயிலில் கெட்டுப்போன இன்சுலினால் ஏறும். எல்லாம் சரியாகச் செய்த நாளிலும் காரணம் தெரியாமல் ஏறும். ஒரு மாம்பழக் காலத்தில், விரலைக் குத்திப் பார்த்து 380 என்று பதறிப்போய் போன் செய்தார் ஓர் அம்மா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னேன், 142. பையன் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தம்பிக்கு மாம்பழம் எடுத்துக் கொடுத்திருக்கிறான், விரலில் ஒட்டியிருந்த சாறு அது. அந்த 380ஐ நம்பி யாராவது கூடுதலாக இன்சுலின் போட்டிருந்தால் ஆபத்து. ஆகவே சந்தேகமான எண் வந்தால் முதலில் கையைக் கழுவு, பிறகு பார், அப்புறம் பேசு.

சாப்பாடு. எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள், எல்லோரும் இதைத்தான் தேவைக்கு மேல் சிக்கலாக்குகிறார்கள். பிள்ளைக்குத் தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் செய்கிற இட்லி, தோசை, சோறு, குழம்பு, பொரியல், முட்டை, மீன் எல்லாம் அவளுக்கும்தான். அளவு தெரிந்திருக்க வேண்டும், அந்த அளவுக்கு இன்சுலின் போயிருக்க வேண்டும், அவ்வளவே. அதற்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்குங்கள். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, 200 மில்லி பாலில் 10 கிராமுக்குப் பக்கம், நடுத்தர இட்லி ஒன்றில் 12 கிராம் போல வரும், உங்கள் வீட்டு இட்லித் தட்டு பெரிதென்றால் இன்னும் கூட. முதல் மாதம் எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். அப்புறம் கண் பழகிவிடும், கரண்டியைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய இரண்டு நம்பிக்கைகளை உடைத்தாக வேண்டும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவும் "சர்க்கரை ஏத்தாது" என்பது பொய். ரத்தத்துக்கு அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று தெரியாது. இரண்டாவது சிறுதானியம். நார்ச்சத்து இருக்கிறது, நல்லது, சாப்பிடட்டும். ஆனால் 100 கிராம் அரிசியில் 78 கிராம் போல மாவுச்சத்து என்றால் ராகியிலும் 65க்கு மேல் இருக்கிறது. ராகிக் களி கொடுத்துவிட்டு "சிறுதானியம்தானே" என்று இன்சுலினைக் குறைத்தால் இரண்டு மணி நேரத்தில் மீட்டர் சொல்லிவிடும். கடையில் "டயபடிக்" என்று எழுதி விற்கும் பிஸ்கட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கவே வேண்டாம், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மாவுச்சத்துக் கணக்கு மற்ற பிஸ்கட்டுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில்தான் நிற்கும்.

இனிப்பை முழுக்கத் தடை செய்யாதீர்கள். அடியோடு தடை செய்த வீடுகளில்தான் தலையணை உறைக்குள்ளும் ஷூவுக்குள்ளும் சாக்லெட் காகிதம் கிடைக்கிறது. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, சாப்பாட்டோடு சேர்த்து, அதன் மாவுச்சத்தைக் கணக்கில் எடுத்து இன்சுலின் போட்டுச் சாப்பிடலாம். எவ்வளவு கூட்டுவது என்று முந்தைய வாரமே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் பஞ்சாமிர்தம் கையில் விழுந்தால் ஒரு நக்கு நக்கிவிட்டு வரட்டும், சாமி குத்தமும் இல்லை, சர்க்கரைக் குத்தமும் இல்லை. ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: நேரம். சீக்கிரம் வேலை செய்யும் புது வகை இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு 10, 15 நிமிடம் முன்னால், பழைய ரெகுலர் வகை என்றால் அரை மணி முன்னால். ஊசி போட்ட பிறகு "இன்னும் குழம்பு கொதிக்கல" என்று சொல்லும் நிலைமை வரக்கூடாது. சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நேரத்தை மாற்றித் தர வழி இருக்கிறது.

லோ சுகர் பற்றி வீட்டில் எல்லோரும், நான்கு வயதுச் சின்னவன் தவிர, தெரிந்து வைத்திருக்க வேண்டும். 70க்குக் கீழே போனால் லோ. குழந்தை எப்போதும் "மயக்கமா வருது" என்று சொல்லாது. காரணமில்லாமல் சிடுசிடுக்கும், அழும், முகம் வெளுக்கும், நெற்றியிலும் பின்கழுத்திலும் வியர்க்கும், எழுதும்போது கை நடுங்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்க்கும். மீட்டர் கையில் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் பார்க்காமலே கொடுங்கள். சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடர் தண்ணீரில் கலந்து, ஏழு வயது எடைக்கு இரண்டு டீஸ்பூன் போலப் போதும், பெரியவர்களுக்கு மூன்று. உங்கள் மகளின் எடைக்குச் சரியான அளவைக் கேட்டு ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லெட் கொடுக்காதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாமல் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தண்ணீரும் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போட்டு, 108க்குக் கூப்பிடுங்கள்.

இதற்கு நேர் எதிரானது காய்ச்சல் நாள். "பிள்ளை ஒண்ணும் சாப்பிடல, அதனால ஊசி போடல" என்பதுதான் நான் கேட்டதிலேயே ஆபத்தான வாக்கியம், அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அக்கறையான பெற்றோர்கள்தான். காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் தேவை வழக்கமாகக் கூடவே செய்யும். அளவு மாறலாம், நிறுத்தவே கூடாது. சர்க்கரை 250க்கு மேல் நின்றாலோ, சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தாலோ, சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) இருக்கிறதா என்று பட்டை போட்டுப் பாருங்கள். கீட்டோன் ஏறி, வாந்தியும் நிற்காமல், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கி, வாயில் பழம் அழுகின வாடை வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பல பிள்ளைகளுக்கு முதன்முதலில் நோய் தெரிய வருவதே இப்படித்தான், உங்களுக்கு அந்த வாடை நினைவிருக்கலாம்.

இன்சுலினை வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், இதில் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடிவிடும் அல்லது பாதிக்கும் கீழே போய்விடும். வெளியூரில் அவசரத்துக்கு வாங்கும்போது கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு வராமல், பாட்டிலையும் சிரிஞ்சையும் கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் படித்துப் பாருங்கள். திறக்காத பாட்டில் ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வேண்டாம், உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்தது பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும், அறை வெப்பம் 30 டிகிரிக்குள் இருந்தால். நம் ஊர் மே மாதத்தில் எந்த அறை 30க்குள் இருக்கும்? ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை வைத்து, பாட்டிலை நனையாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறார்கள், நன்றாகவே குளிர்ச்சியாக இருக்கும். பைக் டேங்க் கவரிலும் வெயிலில் நிற்கும் காரிலும் மட்டும் வைக்காதீர்கள்.

ராத்திரி. முதல் சில வாரம் நீங்கள் தூங்க மாட்டீர்கள், யார் சொல்லியும் கேட்க மாட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் ஆயுசு முழுக்க இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்துகொண்டிருக்க முடியாது. டோஸ் மாற்றிய நாள், காய்ச்சல் நாள், சாயங்காலம் நெடுநேரம் ஓடியாடி விளையாடிய நாள், இந்த மூன்றிலும் நடுராத்திரி ஒருமுறை பாருங்கள். விளையாட்டின் பாதிப்பு பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில் லோவாக இறங்கும் என்பது பலருக்குத் தெரியாது. மற்ற நாட்களில் படுக்கப்போகும் முன் பார்த்து, எவ்வளவுக்குக் கீழே இருந்தால் பாலோ வேறு எதுவோ கொடுப்பது என்று டாக்டர் சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு தூங்குங்கள். சர்க்கரையை விடாமல் காட்டும், கையில் ஒட்டும் சென்சார் வாங்க வசதி இருந்தால் ராத்திரி நிம்மதி கிடைக்கும், மறுக்கவில்லை. அது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும், அந்தக் கைமேலேயே படுத்துத் தூங்கினால் பொய்யாக லோ காட்டும், இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வசதி இல்லையென்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம், மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு அருமையாக வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

எழுந்து பார்ப்பதை யார் செய்வது? இதைக் கேட்டால் வீட்டில் அப்பாக்கள் மொபைலைப் பார்ப்பார்கள். உங்கள் கேள்வியில் கணவர் எங்கேயும் வரவில்லை, அதனால் சொல்கிறேன். ஊசி போடத் தெரிந்தவர் அம்மா ஒருத்தி மட்டும் என்றிருக்கும் வீடு, அந்த அம்மாவுக்கு டெங்கு வந்தால் என்ன செய்யும்? வாரத்தில் இரண்டு ராத்திரியும் ஞாயிறு முழுதும் அவர் பொறுப்பு என்று வையுங்கள். அவர் முதல் தடவை ஊசியை வைத்துக்கொண்டு வியர்த்து நிற்பார், பிள்ளையே "குத்துங்கப்பா, வலிக்காது" என்று தைரியம் சொல்லும். அப்படித்தான் எல்லா அப்பாக்களும் கற்றுக்கொண்டார்கள்.

பள்ளிக்கு மறைக்காதீர்கள். "சொன்னா சேர்த்துக்க மாட்டாங்க", "மத்த பிள்ளைங்க கிண்டல் பண்ணும்" என்கிற பயம் புரிகிறது, ஆனால் மறைத்தால் லோ வரும் நாளில் அவளைச் சுற்றி இருக்கும் யாருக்கும் என்ன நடக்கிறது என்றே தெரியாது. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் டாக்டர் சான்றிதழோடு. ஆனால் உண்மையில் கற்றுக்கொடுக்க வேண்டியது வகுப்பு டீச்சர், பி.டி. மாஸ்டர், வேன் டிரைவர், ஆயா இந்த நான்கு பேருக்கு. அவர்களிடம் ஒரு பக்கத்துக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள், படிக்க மாட்டார்கள். பிள்ளையின் போட்டோ, லோ வந்தால் எப்படி இருப்பாள், என்ன கொடுக்க வேண்டும், உங்கள் இருவர் நம்பர், போதும். அவள் கேட்கும்போதெல்லாம் பாத்ரூம் போகவும் தண்ணீர் குடிக்கவும் விட வேண்டும், லோ வந்தால் தனியாக எங்கேயும் அனுப்பக் கூடாது, இந்த இரண்டை மட்டும் வாயால் அழுத்திச் சொல்லுங்கள். குளுக்கோஸ் டப்பா ஒன்று பையில், ஒன்று டீச்சர் மேஜையில், ஒன்று வேனில். யாராவது முரண்டு பிடித்தால் சொல்வதற்கு: டைப் 1 உள்ள பிள்ளைகள் வகுப்பிலோ பரீட்சையிலோ சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போடவும் இடையில் சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. சிபிஎஸ்இ 2017லேயே பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுபோக விட்டுவிட்டது. எந்தப் பாடத்திட்டமானாலும் பரீட்சை நேரத்தில் ஓடாமல் முன்கூட்டியே பள்ளி வழியாக எழுதிக் கொடுங்கள்.

விளையாட்டிலிருந்து நிறுத்தி மரத்தடியில் உட்காரவைக்கும் பள்ளிகள் உண்டு, பரிதாபப்பட்டுத்தான் செய்வார்கள். விடாதீர்கள். முன்னால் சர்க்கரை பார்த்து, தேவையானால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓடட்டும். வாசிம் அக்ரமுக்கு 1997இல் டைப் 1 என்று தெரிந்தது, இன்சுலின் போட்டுக்கொண்டேதான் 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆளாக ஆனார். கிரிக்கெட் பைத்தியமான பி.டி. மாஸ்டருக்கு மருத்துவக் காரணத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

மாமியார் விஷயம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் ஒளித்து மைசூர்பாகு கொடுக்கிறார், நீங்கள் கண்டுபிடித்துச் சண்டை போடுகிறீர்கள், பிள்ளை நடுவில் நிற்கிறது. அவர் கெட்டவர் இல்லை. பேத்திக்குப் பாசம் காட்டத் தெரிந்த ஒரே வழியை நாம் பிடுங்கிவிட்டோம், அதற்குப் பதில் எதுவும் கொடுக்கவில்லை. மீட்டரை அவர் கையில் கொடுங்கள். சாயங்காலச் சோதனை பாட்டி பொறுப்பு என்று வையுங்கள். மைசூர்பாகு கொடுத்து ஒன்றரை மணி நேரம் கழித்து வருகிற எண்ணை அவரே தன் கண்ணால் பார்த்த பிறகு, நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்காது. அப்போதும் அவரைக் குத்திக்காட்டாதீர்கள், எண்ணுக்கு முகம் மாறக்கூடாது என்று சொன்னது பாட்டிக்கும் பொருந்தும். பதிலுக்கு அவர் கொடுக்க ஏதாவது வேண்டுமே: வறுத்த வேர்க்கடலை, அவித்த முட்டை, வெள்ளரிப் பிஞ்சில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி. அப்படிப் பேத்தி பாட்டியிடம் ஓடி வாங்கித் தின்னட்டும்.

இன்னொன்று சீக்கிரமே வரும், தயாராக இருங்கள். நோய் தெரிந்த சில வாரங்களில் சில பிள்ளைகளுக்கு இன்சுலின் தேவை மளமளவென்று குறையும். கணையத்தில் மிச்சம் இருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தலை தூக்கும், டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்கிறார்கள், சில மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட இருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு சொந்தக்காரர் ஒரு சூரணத்தையோ லேகியத்தையோ கொண்டுவந்து கொடுப்பார், சர்க்கரை குறைந்ததும் "பார்த்தியா, நம்ம மருந்து கேட்டிருச்சு, ஊசிய நிறுத்து" என்பார். நிறுத்தினால் ஐசியூதான், நான் மிகைப்படுத்தவில்லை, அந்த வழியாக வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நேர்த்திக்கடன், மொட்டை, விளக்கு எதுவானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மனசுக்கு நல்லது. இன்சுலின் மட்டும் ஒரு வேளையும் நிற்கக்கூடாது.

"பொம்பளப் பிள்ளை, வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் பண்ணணுமே" என்று இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். ஏழு வயதுக் குழந்தை காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் இதற்கு நான் செலவழிக்கும் நேரம். படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளை பெற்ற டைப் 1 பெண்கள் நம் ஊரிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிள்ளையிடம் எவ்வளவு பொறுப்பை எப்போது கொடுப்பது? இப்போது எந்த விரல், வயிறா தொடையா என்பதை அவள் சொல்லட்டும், குத்துவது நீங்கள். பத்து, பன்னிரண்டு வயதில் அவளே போடுவாள், நீங்கள் பக்கத்தில் நின்று அளவைப் பார்க்க வேண்டும். வயதுக்கு வரும் சமயத்தில் ஹார்மோனால் இன்சுலின் தேவை எகிறும். மிகச் சரியாக அப்போதுதான் "அவளே பார்த்துப்பா" என்று பெற்றோர் கையைக் கழுவுகிறார்கள், அந்த நோட்டுப் புத்தகப் பெண் உருவான வயது அதுதான். அப்போது திரும்ப நெருங்கி நில்லுங்கள்.

செலவுக்கு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் பதிந்துகொள்ளுங்கள், தனியாரிடம் பார்த்தாலும் இந்தப் பதிவு இருக்கட்டும், எப்போதாவது கை கொடுக்கும். கோவையில் இதயங்கள் என்கிற அறக்கட்டளை வசதி குறைந்த வீட்டு டைப் 1 பிள்ளைகளுக்கு இலவசமாக உதவுகிறது, உங்கள் பக்கத்து ஊர் என்றால் விசாரியுங்கள். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் போடாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள், குப்பை எடுக்கும் அம்மாவின் கையில் குத்திவிடும்.

கடைசியாகச் சின்னவன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அவனுடைய இனிப்பையும் சேர்த்து நிறுத்தாதீர்கள், அவளுக்குத் தெரியாமல் தின்னும்படி அவனை மொட்டைமாடிக்கும் அனுப்பாதீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில், அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் கொடுங்கள், கணக்கும் சரியாக வரும். "அக்காவுக்கு மட்டும் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க" என்று அவன் ஒருநாள் சொல்வான், அதற்குள் அவனுக்கென்று தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிடுங்கள். அவனுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடத்தான், ஆனாலும் 100 பேரில் 5, 6 பேருக்குத்தான் வருகிறது. தினமும் அவன் விரலையும் குத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஓயாமல் தண்ணீர் கேட்டாலோ, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ மட்டும் அக்காவின் மீட்டரிலேயே ஒருமுறை பாருங்கள், 200க்கு மேல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.